கணக்குப்பிள்ளை மேசையா, பெட்டகமா?
காரைக்குடி வீட்டில் பங்கு பிரித்தபோது நான் மேசையை எடுத்தேன், தங்கச்சி பெட்டகத்தை எடுத்தாள். வட்டித் தொழில் நடந்த காலத்தில் கணக்குப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசை அது. மூடியைத் தூக்கினால் உள்ளே பேரேடு வைக்க இடம் இருக்கும். 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும் பர்மாவில் எங்கள் கொடுக்கல் வாங்கல் நொறுங்கியது, மேசை மட்டும் எங்கள் பட்டாலை (வீட்டுக் கூடம்) மூலையிலேயே தங்கிவிட்டது. வலது முழங்கை பட்ட ஓரம் இன்னும் வழவழவென்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு பழைய மைக்கறை. இப்போது அதில்தான் லேப்டாப் வைத்து வேலை பார்க்கிறேன், கீழ்ச்சட்டம் இருப்பதால் நழுவாது.

பெட்டகம் வேறு ரகம். சீர்ச் சாமான், பட்டு, பித்தளை எல்லாம் கொள்ளும், ஆனால் தங்கச்சி ஃப்ளாட்டுக்கு ஏற்ற நான்கு ஆள் தேவைப்பட்டது, லிஃப்டில் நுழையவில்லை. சொந்த வீடும் இடமும் இருந்தால் பெட்டகம், வாடகை வீடு என்றால் மேசைதான். எதை எடுத்தாலும் சுரண்டி வார்னிஷ் அடிக்காதீர்கள், அந்தத் தேய்மானம் போனால் திரும்ப வராது. விற்க நினைத்தால், பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும்முன் பங்காளிகளிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.