காசு கொடுத்து வாங்கியதா, கம்பெனி அனுப்பியதா?

விமர்சகருக்குக் கம்பெனியே பொருளை அனுப்பினால் செலவில்லை. அறிமுக நாளிலேயே விமர்சனம் தயார். ஆனால் பிடி கம்பெனி கையில். 2020 டிசம்பரில், கேம்களில் ஒளியை நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கைப் பெரிதாக எடுத்துப் பேசவில்லை என்று ஆஸ்திரேலியாவின் ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு யூடியூப் சேனலுக்கு இனி கிராஃபிக்ஸ் கார்டு அனுப்ப மாட்டோம் என்றது, கார்டு தயாரிக்கும் என்விடியா. எதிர்ப்பு கிளம்பவே, சில நாளில் மன்னிப்புக் கேட்டது.

கடையில் வாங்கிச் சோதிப்பது தாமதம்தான். ஆனாலும் நான் நம்புவது அதைத்தான். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை அப்படித்தான் செய்கிறது. சரி, வழக்கு வராதா? வந்ததே! போஸ் கம்பெனியின் 901 ஸ்பீக்கரில் இசைக்கருவிகளின் ஒலி அறைக்குள் அலைவதுபோல் இருக்கிறது என்று 1970இல் எழுதினார்கள். அறைக்குள் இல்லை, சுவரையொட்டித்தான் என்று வாதாடியது போஸ். அந்த ஒரு சொல் உச்ச நீதிமன்றம்வரை போய், 1984இல் பத்திரிகை பக்கம் தீர்ப்பானது.