சுங்கை பீசி பக்கத்து லாயம்: ராணியை நம்பி விட்ட இடம்

என் குதிரை ராணியின் முன்னங்காலில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிந்தபின், கோலாலம்பூரில் யாரை நம்பி விடுவது என்று தவித்தேன். இந்த லாயத்தைத் தைரியமாகச் சொல்வேன். முதலில் கயிற்றைப் பிடித்து நடை மட்டும். சில நிமிடங்களில் தொடங்கி வாரா வாரம் கூட்டினார்கள். ஸ்கேனில் நார்கள் சீராகத் தெரியும்வரை மெல்லோட்டம்கூட இல்லை. வீக்கம் வற்றியதுமே ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு, வயிறு எரிகிறது! தசைநாண் தேற 9 முதல் 12 மாதம் பிடிக்கும். தழும்பில் பழைய நெகிழ்வும் வராது. இங்குள்ள அண்ணன் தினமும் இரண்டு கால்களையும் தடவி, சூடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். “இன்னும் ஒரு வாரம் பொறுங்கம்மா” என்றால் நான் மறுபேச்சு பேசுவதில்லை. கட்டணம் கூடுதல்தான். மழை பெய்தால் மணல்தளம் சொதசொதவென்றாகிவிடும். ஆழமான மணல் தசைநாணுக்கு ஆகாதென்று அன்று கெட்டித் தரையிலேயே நடத்துகிறார்கள்.