டௌலைஸ், 1936: ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சுவரில்

தெற்கு வேல்ஸின் மெர்தர் டிட்வில் ஊரில் செவிலியர் வேலை கிடைத்து, இங்கேயே ஒரு பழைய கல்வீட்டுக்குக் குடிவந்தபோது முன்னறைச் சுவர் வெறிச்சென்று இருந்தது. இந்த ஊரின் பழைய படம் ஒன்று மாட்டலாம் என்று தேடி 2019 ஜனவரியில் இதை வாங்கினேன். மன்னர் எட்டாம் எட்வர்ட் 1936 நவம்பர் 18 அன்று இந்த ஊரின் டௌலைஸ் பகுதியில் இருந்த இரும்பாலைக்கு வந்தபோது எடுத்த பத்திரிகைப் புகைப்படம். ஏ2 அளவு, பருத்தித் தாளில் அச்சு, கறுப்பு மரச்சட்டம். அச்சுக்கு நாற்பது பவுண்டு. சட்டத்துக்கு அதைவிடக் கூடுதல்.

பொருளைப் பற்றி முதலில். மை இன்றுவரை வெளிறவில்லை. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. தொந்தரவு கொடுத்ததெல்லாம் சட்டம்தான். முதல் குளிர்காலத்திலேயே தாளின் கீழ் ஓரம் அப்பளம் போல நெளிந்துவிட்டது. கல்வீட்டின் வெளிச்சுவர் எப்போதும் சில்லென்று இருக்கும். மாலையில் ஹீட்டர் போட்டால் அறையின் ஈரமெல்லாம் அந்தச் சுவரில்தான் போய்ப் படியும். சட்டம் போட்டவர்கள் தாளை நான்கு பக்கமும் பசைநாடாவால் இறுக்கி ஒட்டியிருந்தார்கள். ஈரத்தில் தாள் விரியும், விரிய இடமில்லாவிட்டால் நெளியும். வேறொரு கடையில் பிரித்து, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் பிடித்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் அட்டை வைத்துத் தந்தார்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சின்னத் தக்கைத் துண்டுகள் ஒட்டினேன். சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட்டம் வந்தது. அதன்பின் நெளியவில்லை. சாதாரணக் கண்ணாடியையும் அப்போதே மாற்றினேன். எதிர்ச் சன்னலின் வெளிச்சம் அதில் விழுந்து பகல் முழுவதும் முகங்களை மறைத்துக்கொண்டிருந்தது. இந்தப் படத்தில் முகம் தெரியாவிட்டால் பிறகு என்ன இருக்கிறது?

முதலில் மாட்டியது சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரில். அந்தக் கோடையில் மதுரையிலிருந்து வந்த அம்மா, "யாரம்மா இந்தத் துரை?" என்று கேட்டுவிட்டுப் படத்தின் அருகில் போனார். மன்னரைச் சுற்றி நிற்பவர்களையே நெடுநேரம் பார்த்தார். "பசித்த முகங்களை எதிரில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்குகிறது உனக்கு?" என்றார். அன்றே கழற்றி, மாடிப்படி ஓரத்து உள்சுவரில் மாட்டினோம். ஈரத்துக்கும் அதுவே நல்ல இடமாகப் போயிற்று.

படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் கண் உயரத்தில் படம் வரும். ஆரம்பத்தில் மன்னர்தான் கண்ணில் படுவார்: கறுப்பு ஓவர்கோட், வட்டத் தொப்பி. ஓராண்டு போனபின் இடது ஓரத்தில் நிற்கும் ஒருவர் மேல் பார்வை நின்றுவிட்டது. எல்லோரும் மன்னரைப் பார்க்க, அவர் மட்டும் கேமராவைப் பார்க்கிறார். கழுத்தில் மஃப்ளரைக் குறுக்காக இழுத்துக் கோட்டுக்குள் செருகியிருக்கிறார். உள்ளே சட்டைக் காலர் தெரியவில்லை. கோட்டின் மேல் பொத்தான் மற்றவற்றோடு ஒட்டாத வேறு பொத்தான். யாரோ பெட்டியில் தேடி எடுத்துத் தைத்திருக்கிறார்கள், மன்னர் வருகிறார் என்பதற்காகவே இருக்கலாம். பெரிய அளவில் வாங்கியதால்தான் அந்தப் பொத்தான் எனக்குத் தெரிந்தது. சிறிய அளவில் வாங்காதீர்கள்.

அந்த மனிதர்கள் யார் என்று படிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். 1759-இல் தொடங்கிய டௌலைஸ் ஆலை, 1840-களில் 18 ஊதுலைகளோடு உலகிலேயே மிகப் பெரிய இரும்பாலையாக இருந்தது. 1930-இல் உருக்கு உற்பத்தியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டுகளில் மெர்தரில் வேலையின்மைக் காப்பீட்டில் இருந்த தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லை. அதற்குமேல் 1931-இல் வந்தது வருமானச் சோதனை. வீட்டில் மகன் ஏதாவது சம்பாதித்தால் அப்பாவின் உதவித்தொகையில் பிடித்துக்கொள்வார்கள். மகன் கையை எதிர்பார்த்து அப்பா நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மகன் வீட்டை விட்டுப் போக வேண்டும். 1935 பிப்ரவரியில் இந்த ஊர்ப் பெண்கள் உதவித்தொகை அலுவலகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டுதான் மன்னர் வந்தார்.

"இந்த ஆலைகள்தான் இத்தனை பேரையும் இங்கே கொண்டுவந்தன, இவர்களுக்கு மறுபடியும் வேலை கிடைக்க ஏதாவது செய்ய வேண்டும்" என்று அவர் சொன்னதைப் பத்திரிகைகள் "ஏதாவது செய்தாக வேண்டும்" என்று சுருக்கி நாடெங்கும் கொண்டுபோயின. அவர் மனமுருகித்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பே, விவாகரத்தான அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சனை மணப்பதற்காக அரியணையைத் துறக்கவும் தயார் என்று பிரதமர் பால்ட்வினிடம் சொல்லியிருந்தார். டிசம்பர் 11 அன்று அவர் மன்னர் இல்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதருக்கு அன்று அது தெரியாது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பத்தைந்து வயது. அவருடைய அப்பா டௌலைஸ் உலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் கேக் கொண்டுவந்தவர் படியருகே நின்றுவிட்டார். மன்னர் வந்த அன்று ஆலைக் கழிவு மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று 'கிரிகபார்' மெட்டில் துதிப்பாடல் பாடினார்கள், அப்பாவும் பாடினார் என்றார். மெல்லிய குரலில் பாடியும் காட்டினார். இங்கே சாவு வீடுகளில் நான் கேட்ட அதே மெட்டு. "அப்பா கடைசிவரை மன்னரைத் திட்டியதில்லை. ஆனால் யாராவது 'தர்மம்' என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்" என்றார். அவருடைய கணவர் 1948-இல் பென்ட்ரபாக்கில் திறந்த ஹூவர் தொழிற்சாலையில் சலவை இயந்திரம் பூட்டியவர். அங்கும் 2009-இல் உற்பத்தி நின்றுவிட்டது.

விற்றவர்கள் சட்டத்தின் கீழே ஒரு சிறிய பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள்: 'வேலையற்றோருக்கு மன்னரின் கருணை'. படத்தில் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அவர்கள் கேட்டது வேலை. பாட்டி வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாள் தகட்டைப் பெயர்த்தேன். திருகாணி இருந்த இடத்தில் இரண்டு துளைகள் நின்றுவிட்டன. அவற்றை மறைக்க வெள்ளை அட்டையில் என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்: டௌலைஸ், 18 நவம்பர் 1936.