திரும்பத் திரும்ப வரும் கார் பழுது: டீலர் பட்டறையா, வெளி மெக்கானிக்கா?

என்னுடைய காரின் ஏசிக்கு மூன்று கோடைகளுக்குள் நான்கு முறை கேஸ் நிரப்பியிருக்கிறேன். முதல் இரண்டு முறை, வாரண்டி நடப்பில் இருந்தபோது, காரை விற்ற டீலரின் சர்வீஸ் சென்டரில். அடுத்த இரண்டு முறை, அங்கே போய் அலுத்துப்போய், வெளியே ஒரு கடையில். நான்கு பில்களிலும் ஒரே வரிதான்: ‘ஏசி கேஸ் டாப்-அப்’. ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்கிற பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகியும் திரவமாகியும் சுற்றிக்கொண்டே இருக்கும் அது, ஒரே ஆண்டில் குளிர்ச்சி போகும் அளவுக்குக் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. அந்த இடம் எது என்று பார்க்காமலேயே நான்கு முறை நிரப்பினார்கள்; நானும் கேட்காமலேயே நான்கு முறை பணம் கொடுத்தேன்.

டீலரிடம் போவதா, வெளி மெக்கானிக்கிடம் போவதா என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கூலியை வைத்தும் பழக்கத்தை வைத்தும் முடிவு செய்கிறார்கள். சாதாரண ஆயில் சர்வீஸுக்கு அந்த அளவுகோல் போதும். ஒரே பழுது மூன்றாம் முறையாக வரும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: காரணத்தைத் தேடுவதற்குச் செலவாகும் நேரத்துக்கு இந்த இடத்தில் யார் பணம் தருகிறார்கள்?

டீலர் பட்டறையில் நம்மிடம் பேசுபவர் சர்வீஸ் அட்வைசர். காரைத் தொடுபவர் டெக்னீஷியன். இருவருக்கும் இடையில் இருப்பது ஜாப் கார்டு என்ற ஒரு தாள். ‘காலையில் நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் மட்டும் வெப்பக் காற்று வருகிறது, மழை நாளில் ஒரு குறையும் இல்லை’ என்று நாம் விவரமாகச் சொன்னதை அட்வைசர் ‘ஏசி கூலிங் குறைவு, செக்’ என்று எழுதிவிட்டால், டெக்னீஷியனுக்குப் போய்ச் சேர்வது அந்த நான்கு சொற்கள்தான். பழுதைக் கண்டுபிடிக்க உதவும் பாதித் தகவல் கவுன்டரிலேயே தங்கிவிடுகிறது.

வாரண்டி வேலைக்கு டீலருக்குப் பணம் தருவது கார் நிறுவனம். எந்த வேலைக்கு எவ்வளவு நேரக் கூலி என்று நிறுவனம் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கும். கழற்றிய பாகத்தைக் கணக்குக் காட்டவும் வேண்டும். பழுது இருந்ததற்குச் சான்று இல்லையென்றால் டீலர் நிறுவனத்திடம் அந்த வேலைக்காகக் கேட்கும் பணம் (கிளெய்ம்) மறுக்கப்படலாம். விட்டு விட்டு வரும் ஒரு பழுதைத் தேடி டெக்னீஷியன் அரை நாளைச் செலவிட்டால், அந்த நேரம் பெரும்பாலும் டீலரின் கணக்கிலேயே விழும். ஒரே பட்டறைக்கு இரண்டு முகங்கள் இருப்பது இதனால்தான். வாரண்டிக்குள் ‘இது நார்மல் சார், இந்த மாடல்ல இப்படித்தான் இருக்கும்’. வாரண்டி முடிந்த மறுமாதம் ‘அசெம்ப்ளியே மாத்தணும் சார்’. இரண்டையும் ஒரே அட்வைசரின் வாயால் கேட்ட பாக்கியம் எனக்கு உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும், வாரண்டி இருக்கும்வரை டீலரை விட்டு வெளியே போகக் கூடாது என்பதே என் கருத்து. அவர்கள் சரிசெய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையால் அதைச் சொல்லவில்லை. அங்கே கிடைக்கும் காகிதத்துக்காகச் சொல்கிறேன். அமெரிக்க மாநிலங்களில், இத்தனை முறை முயன்றும் சரியாகாத புதுக் காரை நிறுவனம் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும் என்று சட்டங்கள் உண்டு. இந்தியாவில் அப்படி எண்ணிக்கை வரையறுத்த தனிச் சட்டம் இல்லை. எனவே, பழுது வாரண்டிக் காலத்துக்குள் தொடங்கியது, பலமுறை காட்டப்பட்டது, தீரவில்லை என்பதை உரிமையாளரே நிறுவ வேண்டியிருக்கிறது. அதற்கு ஜாப் கார்டைவிட வலுவான சான்று வேறு இல்லை. ஆகவே கையெழுத்திடுவதற்கு முன் புகாரை நம் சொற்களிலேயே எழுதச் சொல்ல வேண்டும். ‘இதே புகாருக்காக மூன்றாம் வருகை’ என்ற வரியும் அதில் இடம்பெற வேண்டும். சத்தம் சார்ந்த பழுதென்றால் டெக்னீஷியனையே ஓட்டச் சொல்லி, நாம் பக்கத்தில் அமர்ந்து டிரையல் போய், சத்தம் எழும் இடத்தில் கையோடு காட்டிவிட வேண்டும். முழு திருப்தி என்று அச்சிட்ட தாளில் அவசரத்தில் கையெழுத்திடுவது, பின்னால் அவர்கள் தரப்புச் சான்றாகவே மாறும்.

வெளியே போவது என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே இடம் அன்று. தெருமுனையில் எல்லா வேலையும் பார்க்கும் மெக்கானிக் ஒருவகை. பல நிறுவனக் கார்களையும் பார்க்கும் மைடிவிஎஸ், பாஷ் கார் சர்வீஸ் போன்ற சங்கிலிப் பட்டறைகள் இன்னொரு வகை. இவை கூலியில் சற்று இறங்கியிருந்தாலும், அட்வைசர், ஜாப் கார்டு என்ற அமைப்பில் டீலர் பட்டறையின் சாயலில்தான் இருக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் பழுதுக்கு நான் பெரிதும் மதிப்பது மூன்றாம் வகையை: ஒரே வேலையை மட்டும் செய்யும் கடைக்காரர்களை. டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் மட்டும் பார்ப்பவர், ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் மட்டும் பார்ப்பவர், ஸ்டியரிங் ராக் மட்டும் பிரித்துக் கோப்பவர், ஏசி மட்டும் பார்ப்பவர். கார்பன் பிரஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்ததற்காக டீலர் பட்டறை ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்லும் இடத்தில், இவர்கள் அந்தச் சிறு பாகத்தை மட்டும் மாற்றித் தருவார்கள். இவர்களுக்குப் பணம் தருபவர் நாம் மட்டுமே; அதே பழுது மறுவாரம் திரும்பி வந்தால் கடைவாசலில் நம் முகத்தில் விழிக்க வேண்டியவர்களும் இவர்களேதான்.

குறை இல்லாமலும் இல்லை. தெருமுனை மெக்கானிக்குகளில் பலர் மலிவான ஸ்கேனரை மாட்டி, அதில் வரும் பிழைக் குறியீட்டை அப்படியே பாகத்தின் பெயராக வாசித்துவிடுகிறார்கள். பி0171 என்ற குறியீடு, இன்ஜினுக்குள் போகும் கலவையில் காற்றின் பங்கு மிகுந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அது சொல்லவில்லை. ஏதோ ஒரு காற்றுக் குழாயில் விரிசல் இருக்கலாம், காற்றோட்ட சென்சார் அழுக்கேறியிருக்கலாம், பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம். குறியீட்டைப் பார்த்து சென்சாரை மாற்றி, டாஷ்போர்டில் எரியும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கை அணைத்து அனுப்பினால், இருநூறு கிலோமீட்டரில் விளக்கு மறுபடி எரியும். இந்தத் தவறு டீலர் பட்டறையிலும் நடப்பதுதான்; அங்கே அது கூடுதல் விலைக்கு நடக்கிறது.

அடுத்தது உதிரிபாகம். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய பாகங்களும், புதுப்பேட்டையில் பழைய கார்களிலிருந்து கழற்றிய பாகங்களும் கிடைக்கும். ஆனால் ஸ்கேனர் மென்பொருள், பட்டறைக் கையேடு, சில நிறுவனங்களின் மூலப் பாகங்கள் ஆகியவை வெளி மெக்கானிக்குக்கு எளிதில் எட்டுவதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தக் காரணத்துக்காகத்தான். வெளியே வேலை பார்த்ததற்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றும் அந்த ஆணை சொன்னது. பின்னர் அது மேல்முறையீடுகளில் நீண்ட காலம் இழுபட்டது. ஆணை எதைச் சொன்னாலும், கவுன்டரில் ‘வெளியே கை வைத்திருக்கிறார்கள்’ என்ற ஒரு வாக்கியத்தால் கிளெய்ம் நின்றுவிடும். அதை மறுத்து வாதாடும் சுமை நம் தலையில் விழும். வாரண்டிக்குள் வெளியே போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

டீலர் பட்டறைக்கு எதிரே யாரும் நிற்க முடியாத இடங்களும் உண்டு. ஏர்பேக், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், சரியான சாவி இல்லாமல் இன்ஜின் கிளம்பாமல் தடுக்கும் இம்மொபிலைசர், கன்ட்ரோல் யூனிட்டின் மென்பொருள் ஆகியவற்றில் பழுது திரும்பத் திரும்ப வந்தால், நிறுவனத்தின் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குப் போவதே சரி. கூலி குறைவு என்று வெளியே முயல்வது பாதுகாப்போடு விளையாடுவதாகும். ரீகால், அதாவது குறையுள்ள கார்களை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் விஷயமும் அப்படியே. நம் காரைப் போலவே பல கார்களில் அதே குறை இருந்து, நிறுவனம் ரீகால் அறிவித்திருந்தால், அந்த வேலைக்கு உரிமையாளர் பணம் தர வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின்படி, ரீகால் செய்யுமாறு நிறுவனத்துக்கு அரசே உத்தரவிடலாம். எந்தப் பெரிய பழுதுக்கும் பணம் கட்டுமுன் நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

என் ஏசிக்கு வருகிறேன். ஐந்தாம் முறை, ஏசி மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கேஸ் சிலிண்டரைத் தொடவே இல்லை. சுற்றுக்குள் நைட்ரஜனை ஏற்றி, அழுத்தமானியைப் பார்த்தபடி என்னிடம் ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். முள் மெல்ல இறங்கியது. முன்னால் இருக்கும் கண்டென்சரிலும் குழாய் இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், குமிழி இல்லை. ‘அப்ப உள்ளதான் தம்பி, கூலிங் காயில்’ என்றார். காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் அந்தக் காயிலை, டாஷ்போர்டைக் கழற்றினால்தான் வெளியே எடுக்க முடியும். ஒரு முழு நாள் வேலை. வெளியே எடுத்த காயிலின் ஓரத்தில் எண்ணெய்க் கறை படர்ந்திருந்தது. கேஸோடு சேர்ந்து சுற்றும் கம்ப்ரெசர் எண்ணெய், கசியும் இடத்தில் விட்டுப்போன அடையாளம் அது. வாரண்டிக்குள் இருந்தபோதே இந்தச் சோதனை நடந்திருந்தால் அந்தக் காயிலுக்கு நான் பணம் தந்திருக்க மாட்டேன். அந்த இரண்டு ஜாப் கார்டுகளில் ‘கசிவு எங்கே என்று சோதித்துச் சொல்லவும்’ என்று எழுதச் சொல்லாமல் விட்டது என் பிழை.

டீலர் கைவிரித்த பிறகு அவரோடு மோதுவது நிறுவனத்துக்கு எழுதுவதில் தொடங்குகிறது. தலைமை அலுவலகத்துக்கு ஜாப் கார்டுகளின் நகலோடு மின்னஞ்சல் அனுப்பினால், பல நேரங்களில் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கும் அளவுக்காவது காரியம் நகரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 நிறுவனத்துக்கும் நமக்கும் இடையே பேச்சுக்கு வழி செய்யும். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரம் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். காரின் விலை 5 முதல் 10 லட்சம் என்றால் கட்டணம் 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் என்றால் 400 ரூபாய். சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீள்வதே வழக்கம்.

அங்கே போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்புகள் இரண்டு. கிளட்ச் பழுதுக்காகப் புதுக் கார் கேட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல், வாரண்டியின் சொற்கள் பாகத்தை மாற்றித் தருவதைத்தான் சொல்கின்றன, காரையே மாற்றித் தருவதை அன்று என்றது. டீலர் தன் சொந்தப் பொறுப்பில் வாங்கி விற்பவர் என்பதால், அவர் செய்த தவறுக்கு, அது தெரியாத நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021இல் இன்னொரு வழக்கில் சொன்னது. எனவே பாகத்தின் குறை எது, பட்டறை வேலையின் குறை எது என்று புகாரிலேயே பிரித்து எழுதி, டீலர், நிறுவனம் இருவரையும் எதிர்த் தரப்பாகச் சேர்ப்பது நல்லது. புதுக் காரே வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பதைவிட, பாகம், கூலி, கார் ஓடாத நாட்களின் வாடகை என்று கணக்குப் போட்டுக் கேட்பது கிடைக்கக்கூடியதைக் கேட்பதாகும்.

காரை விற்றுவிடலாமே என்று வீட்டில் சொன்னார்கள். விற்கவில்லை. காயில் மாற்றி இரண்டு கோடைகள் ஆகின்றன. கேஸ் அப்படியே இருக்கிறது. டாஷ்போர்டைக் கழற்றி மாட்டியதிலிருந்து வேகத்தடை ஏறும்போதெல்லாம் க்ளவ் பாக்ஸ் பக்கம் கிறீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. அதற்கு இன்னும் யாரிடமும் போகவில்லை.