நகரும் சரிவுக்குச் சுவரா, வடிகாலா?

வத்தல்மலை மாதிரி மலைச்சாலையில் சரிவு நகர ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் கேட்பது தடுப்புச்சுவர்தான். சரி, சுவர் கண்ணுக்குத் தெரியும், தைரியமும் வரும், ஆனால் மண்ணை நகர்த்துவது பெரும்பாலும் உள்ளே தேங்கும் தண்ணீர். துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏற ஏற அவற்றின் பிடி தளரும், அப்புறம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் என்று சரிவு சத்தமில்லாமல் இறங்கும். சுவரில் விட்ட நீர்த்துளைகள் சேறடைத்துக் கிடந்தால் அந்த அழுத்தம் முழுக்க சுவரின் முதுகில்தான்.

வடிகால் அழுத்தத்தையே குறைக்கும்: மேலே வெட்டிய கால்வாய் மழைநீரைத் திருப்பும், சரிவுக்குள் செருகிய துளைக்குழாய் உள்நீரை வடிக்கும். தூர்வாராவிட்டால் வீண். 2024 ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியதே, அப்படி ஒரு மழை மலைமேல் விழுந்தால்? நான் முதலில் வடிகாலைத்தான் கேட்பேன், சுவர் பிறகு.