டெஸ்ட் கார்டா, சொந்தக் காசா?

சத்துவாச்சாரில நானும் ஃப்ரெண்டும் சேர்ந்து ஆம்பூர் பக்கம் இருக்குற சின்ன ஷூ யூனிட்டுங்களுக்கு ஒரு கணக்கு ஆப் பண்றோம், மாச சந்தா வெச்சிருக்கோம், ப்ளே ஸ்டோர்ல விடுறதுக்கு முன்னாடி சந்தா கட்டுறது சரியா வேல செய்யுதான்னு கூகுளோட டெஸ்ட் கார்டுலயும் சொந்தக் காசுலயும், ரெண்டு விதமாவும் வாங்கிப் பாத்துட்டோம்.

லைசன்ஸ் டெஸ்டர் வழிதான் எனக்குப் புடிச்சது. ப்ளே கன்சோல்ல, அதாவது ஆப் பண்றவங்களுக்கான கூகுள் பக்கத்துல, லைசன்ஸ் டெஸ்டர் லிஸ்ட்ல ஜிமெயில் ஐடிய சேத்துட்டா காசே போகாது, டெஸ்ட் கார்டுங்க வரும், ஒண்ணு எப்பவும் ஓகே ஆகும், ஒண்ணு எப்பவும் டிக்ளைன் ஆகும், இன்னொண்ணு ஸ்லோ கார்டு, சில நிமிஷம் கழிச்சுதான் ஓகே ஆகும். இந்த ஸ்லோ கார்ட விட்டுடாதீங்க. பேமெண்ட் பெண்டிங்ல இருக்கும்போதே எங்க ஆப் எல்லா பக்கத்தையும் தொறந்து விட்டுடுச்சு, அத இதுலதான் புடிச்சோம். மாச சந்தா 5 நிமிஷத்துக்கு ஒருதடவ ரினிவ் ஆகுறதால ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ரினிவல் பாத்துடலாம். வாங்குனத ஏத்துக்கிட்டோம்னு ஆப் கூகுளுக்குச் சொல்லலன்னா, அதாவது அக்னாலெட்ஜ் பண்ணலன்னா, சில நிமிஷத்துல ரீஃபண்ட் ஆயிடும், நெஜ கஸ்டமருக்கு அது 3 நாள்.

சொந்தக் காசுல வாங்குறது மெதுவான வேல, ஆனா நெஜ யூபிஐல பின் போட்டு ஆப்புக்குத் திரும்பி வர்றது எப்படி இருக்குன்னு அதுலதான் தெரியும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, இன்டர்னல் டெஸ்டிங்ல, அதாவது வெளியிடுறதுக்கு முன்னாடி சில பேருக்கு மட்டும் ஆப்ப குடுத்துப் பாக்குறதுல, இருந்தாலும் லைசன்ஸ் டெஸ்டர் லிஸ்ட்ல பேரு இல்லன்னா நெஜமாவே காசு போயிடும், காட்பாடில எங்க டெஸ்டர் ஒருத்தருக்குப் போச்சு, கன்சோல்ல ஆர்டரத் தேடி நாங்களே ரீஃபண்ட் போட்டோம்.

அதனால பத்து நாள் டெஸ்ட் கார்டு, கடைசியா ஒரே ஒருதடவ சொந்தக் காசு, நாங்க இப்படித்தான் பண்றோம்.