ஸ்டோக்ஸ் மோர்ட்டாரா, மினென்வெர்ஃபரா?

முதல் உலகப் போரில் அகழிக்குள் பதுங்கியவனை, நேராகப் பாயும் பீரங்கிக் குண்டு எளிதில் தொடவில்லை. உயரே எழும்பிச் செங்குத்தாக விழும் குண்டு தேவைப்பட்டது. அப்படிக் குண்டு வீசும் சிறு பீரங்கிதான் மோர்ட்டார். அதற்காக வந்த பிரிட்டனின் ஸ்டோக்ஸ், ஜெர்மனியின் மினென்வெர்ஃபர் ஆகிய இரண்டில் எது மேல் என்று வரலாற்று ஆர்வலர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

எடை: பிரிட்டனின் ஸ்டோக்ஸ் சுமார் 47 கிலோ, பிரித்துச் சுமக்கலாம். ஜெர்மனியின் 7.58 செ.மீ. இலகுரக மினென்வெர்ஃபர் சுமார் 147 கிலோ.

வீச்சு: ஸ்டோக்ஸ் சுமார் 700 மீட்டர், மினென்வெர்ஃபர் சுமார் 1,300. இங்கே போட்டியே இல்லை.

வேகம்: ஸ்டோக்ஸ் நிமிடத்துக்கு 25 குண்டுகள் வரை வீசும். குழாய்க்குள் குண்டை நழுவவிட்டால் போதும். அடியிலுள்ள ஊசியில் மோதியதும் கிளம்பிவிடும்.

தயாரிப்பு: மினென்வெர்ஃபருக்கு உட்புறம் சுருள் வரிப்பள்ளங்கள் வெட்டிய குழலும் பின்னுதைப்பைத் தாங்கும் பொறியமைப்பும் வேண்டும். 1915இல் வில்ஃபிரெட் ஸ்டோக்ஸ் வடிவமைத்ததோ வழுவழுப்பான ஒரு குழாய், ஓர் அடித்தட்டு, இருகால் தாங்கி, அவ்வளவுதான். இந்த எளிமையை எண்ணி நான் வியக்காத நாளில்லை. இன்றைய காலாட்படை மோர்ட்டார்களும் இந்த வழியில் வந்தவையே.

ஓரிடத்தில் நிலைகொண்டு, தொலைவிலுள்ள இலக்கைக் குறிபார்த்துத் தகர்க்க மினென்வெர்ஃபர். முன்னேறும் வீரர்களோடு கூடவே போக ஸ்டோக்ஸ்தான்.